பாட்டியின் விரலே அளவுகோல்

சுற்றம் சூழ வாழ்வதைப் பெருஞ்செல்வமாகக் கருதியவர் நம் முன்னோர். இன்றோ ஒரு குடும்பம் முழுவதும் ஒரே கூரையின்கீழ் இருப்பது அரிதாகிவிட்டது. கே.ஜி.கண்டிகையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இதே நிலைதான். மகன் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அத்தை நகரியில் வாழ்கிறாள். பாட்டி மட்டும் ஊரில் இருக்கிறாள். இவர்களை இணைக்கும் பணியைச் செல்பேசிச் செயலிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. அவற்றை வடிவமைப்போர் யாரை மனத்தில் கொண்டு வடிவமைக்க வேண்டும்? வேகமாகத் தட்டச்சு செய்யும் பேரனை அன்று, எழுத்தறியாப் பாட்டியையே என்பது என் துணிபு.

எல்லையும் எழுத்தும்

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதனுள் சென்றது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நிலத்தில் கோடு கிழிக்கலாம். உறவில் கிழிக்க முடியுமா? கொள்வினையும் கொடுப்பினையும் இருபுறமும் தொடர்கின்றன.

வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பயின்றோர் இப்பக்கம் பலர். நகரியில் படித்த அத்தை மகளுக்கோ தெலுங்கெழுத்தே பழக்கம். நேரில் ஒரே மொழியில் சிரித்துப் பேசும் இருவர், எழுதினால் ஒருவர் எழுத்தை மற்றவர் படிக்க இயலாது! இளைஞர்கள் இரு மொழிகளையும் ஆங்கில எழுத்தில் தட்டிச் சமாளிக்கின்றனர். பாட்டி என்ன செய்வாள்?

இதற்கு விடை குரலே. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் ஒலிநாடாவில் பேசி ஊருக்கு அனுப்பிய காலம் ஒன்று உண்டு. 2013-இல் வாட்ஸ்அப் குரல் செய்தியைக் கொண்டுவந்தது. நாளொன்றுக்குச் சராசரி 700 கோடிக் குரல் செய்திகள் அனுப்பப்படுவதாக 2022-இல் அந்நிறுவனம் அறிவித்தது. அப்படியிருந்தும் திரையின் அடியில் எழுதும் கட்டமே நீண்டு கிடக்கிறது. ஒலிவாங்கிப் படம் ஓரத்தில் ஒடுங்கியிருக்கிறது. குடும்பச் செயலியில் இது தலைகீழாக வேண்டும். திறந்தவுடன் பிள்ளைகளின் முகங்கள் பெரிதாகத் தெரிய வேண்டும். முகத்தைத் தொட்டால் பேசலாம் என்றிருக்க வேண்டும்.

‘தொலைபேசியில் அழைத்தால் போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். அழைப்புக்கு இருவரும் ஒரே வேளையில் ஓய்வாக இருக்க வேண்டும். இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்கும் பேரனை மணியடித்து எழுப்பப் பாட்டிக்கு மனம் வருமா? குரல் செய்தியோ அவன் விழிக்கும்வரை காத்திருக்கும்.

உறவின் பெயர்

ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்ற ஒரு சொல் போதும். நமக்குப் போதாது. ஒரே மனிதர் எனக்குச் சித்தப்பா, என் அத்தை மகளுக்கு மாமா, பாட்டிக்கு மகன். உறவு ஒருவர்மேல் ஒட்டும் சீட்டன்று. இருவருக்கிடையே உள்ள பிணைப்பு. ஆகவே ஒவ்வொருவர் திரையிலும் அவரவர் அழைக்கும் முறையே தோன்ற வேண்டும். இது இருமொழிக் குடும்பத்திலும் இயலும். 1871-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் மார்கன் வெளியிட்ட உறவுமுறை நூலிலேயே தமிழ், தெலுங்கு உறவுப் பெயர்கள் அட்டவணையில் இடம்பெற்றன. இரண்டின் அமைப்பும் பெரிதும் ஒன்றே. இங்கே சித்தப்பா, அங்கே சின்னான்னா. மாமாவோ இரு பக்கமும் மாமாதான்.

அன்பா, காவலா?

செய்தி படிக்கப்பட்டதைக் காட்டும் நீலக் குறி 2014-இல் வந்தது. ‘பார்த்தும் பதில் இல்லையே’ என்ற மனத்தாங்கலும் உடன் வந்தது. இருக்குமிடத்தைத் தொடர்ந்து காட்டும் வசதி 2017-இல் வாட்ஸ்அப்பில் சேர்ந்தது. அதற்கு 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்ற வரம்பு வைத்தது நல்லதே. வரம்பின்றி ஒருவரது ஒவ்வோர் அடியையும் காட்டும் செயலி குடும்பத்தை இணைப்பதில்லை; வேவு பார்க்கிறது. ‘இடத்தைக் காட்டினால்தான் கல்லூரிக்கு அனுப்புவோம்’ என்ற நிபந்தனை ஆண்பிள்ளைக்கு விதிக்கப்படுமா? பெண்ணுக்கு மட்டுமே விதிக்கப்படும். எனவே காட்டுவதும் நிறுத்துவதும் காட்டுபவர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

நம்மவர் கடமை

சென்னையின் ஸோஹோ நிறுவனம் 2021-இல் ‘அரட்டை’ என்ற செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதனை மக்கள் திரளாக இறக்கிக்கொண்டனர். எழுத்துச் செய்திகளுக்கு முழுமையான மறையாக்கம் இல்லை என்ற குறையும் அப்போதே எழுந்தது. இதில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன: நம் மண்ணிலும் செயலி செய்ய இயலும், தமிழ்ப் பெயர் மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும்.

கணினி பயிலும் மாணவ நண்பர்களே! செயலி ஒன்றைச் செய்து முடித்ததும் அதை ஆசிரியரிடம் காட்டுமுன் உங்கள் பாட்டியின் கையில் கொடுங்கள். எதையும் சொல்லித் தராதீர்கள். அருகில் அமைதியாக அமர்ந்து பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே பிழை இருக்கிறது. அப்பிழை அவருடையதன்று, நம்முடையது. அதைத் திருத்துவதே நாம் கற்ற கல்விக்கு அழகு.