சீன டொனிக்கும் நமது கல்லாவும்

நோன்பு நெருங்கினால் "களைப்பாக இருக்கு நாநா, நல்ல டொனிக் ஒன்று தாங்க" என்று வருபவர்கள் கூடிவிடுவார்கள். இதைத் தெரிந்துதான் சீன ஜின்செங் டொனிக் பெட்டிகளை மாத்தளைக் கடைகளுக்கும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். இலாபம் மிளகு, கராம்பில் கிடைப்பதை விட அதிகம்தான்.

ஜின்செங் நேற்று முளைத்த சரக்கல்ல. சீனர்கள் பலவீனத்துக்கு நூற்றாண்டுக் கணக்கில் பாவித்துவரும் வேர். ஆனால் அதை மதுவில் ஊறவைத்துச் செய்யும் வகைகளும் உண்டு. லேபலில் சீன எழுத்து மட்டும் இருந்தால், ஹலாலா என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

இன்னொன்று. விடாத களைப்பு சீனி வியாதியாக இருக்கலாம், இரத்தச்சோகையாகவும் இருக்கலாம். டொனிக்கை நம்பியிருப்பவர் டொக்டரிடம் பிந்தித்தான் போவார். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் குளிசை எடுப்பவருக்கோ, ஜின்செங் அந்தக் குளிசையின் வேலையையே குறைத்துவிடக்கூடும். அடைப்புக்கு மருந்து எடுக்கும் எத்தனை பேர் நம் கடைக்கு வருகிறார்கள்! இதை யார் கேட்டு விற்கிறோம்?

நனைந்த தானியத்தை அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டது நமக்குத் தெரியும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. "கொண்டுவந்தவர் அப்படித்தான் சொன்னார்" என்றால் விட்டுவிடுவார்களா?

உள்ளடக்கமும் மதுசார அளவும் இறக்குமதியாளர் விலாசமும் நமக்கு விளங்கும் மொழியில் இல்லாத போத்தலைத் திருப்பி அனுப்புங்கள். கேட்டு வருபவரிடம் முதலில் சீனி பார்த்தீர்களா என்று விசாரியுங்கள்.