பழையதோடு புதியது சேருமா?

காரின் நான்கு டயர்களும் ஒரே நாளிற் பழுதாவதில்லை. ஆணியோ, உடைந்த போத்தலின் கண்ணாடியோ, வீதியோரக் கல்லோ அவற்றுள் ஒன்றைத்தான் பதம் பார்க்கிறது. மற்றைய மூன்றும் பாதி தேய்ந்திருப்பினும், இன்னும் பல மாதங்கள் உழைக்கும் வலுவுடன் இருக்கின்றன. இந்த வேளையிலேதான் வீட்டில் வாக்குவாதம் பிறக்கிறது. "ஒன்றை மட்டும் வாங்கினாற் போதாதா?" என்கிறார் இல்லத்தரசி. "நான்கையும் மாற்றிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோருக்கு இது சிறிய கேள்வியன்று. எது அறிவுடைமை என்பதை இவ்வாரம் நாம் சற்று ஆராய்வோம்.

முதலில் ஒன்று. காற்றுப் போன டயரெல்லாம் எறியவேண்டிய டயர் ஆகாது. தரையிற் படும் முகத்தில் ஆணி ஏறிய சிறு துளையாயின், ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வரை உட்புறமாக ஒட்டுப்போட்டுச் செப்பனிடலாம். பக்கச்சுவர் கிழிந்திருப்பினோ புடைத்திருப்பினோ அதற்கு மருந்தில்லை, மாற்றியே ஆகவேண்டும்.

மாற்றும்போது எழும் சிக்கல் அளவைப் பற்றியது. இதனை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பல கார்களுக்குப் பொருந்தும் டயரொன்றின் அகலம் 195 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. உள்ளிருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம் 15 அங்குலம். இவற்றைக் கொண்டு கணித்தால், புதிய டயரின் விட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீற்றர் என்று வரும். புதிய டயரின் பள்ளங்கள் சுமார் 8 மில்லிமீற்றர் ஆழமுடையவை. அவை 3 மில்லிமீற்றராகத் தேய்ந்துவிட்டால் விட்டம் 10 மில்லிமீற்றர் குறைகிறது. ஒரு கிலோமீற்றர் தூரத்தைப் புதிய டயர் ஏறக்குறைய 502 சுற்றுகளில் கடக்க, தேய்ந்த டயரோ 510 சுற்றுகள் சுழலவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். போய்ச் சேர்வதற்குள் தேய்ந்த சில்லு தன் துணையைவிட மூவாயிரத்துக்கும் அதிகமான சுற்றுகள் கூடுதலாகச் சுழன்றிருக்கும்! பாரம் ஏறும்போது டயர் சற்று அமுங்குவதால் எண்கள் சிறிது மாறலாம். கணக்கின் போக்கு மாறாது.

இந்த வேறுபாட்டை யார் சுமப்பது? கார் வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிடக் கூடுதலான தூரம் ஓடவேண்டும். அதற்கு இடங்கொடுப்பதற்காகவே 'டிபரென்சியல்' எனும் பற்சில்லுத் தொகுதி அமைக்கப்பட்டிருக்கிறது. நேரான வீதியில் அதன் உட்பற்சில்லுகள் பெரும்பாலும் ஓய்வாக இருக்கும். ஒரே அச்சில் ஒருபுறம் புதியதும் மறுபுறம் தேய்ந்ததும் பூட்டப்பட்டால் அந்த ஓய்வு பறிபோகிறது. எருதையும் கன்றையும் ஒரே நுகத்திற் பூட்டியதற்கு ஒப்பானது இது.

இதனினும் பெரிய ஆபத்து மழைக்காலத்தில் உண்டு. டயரின் பள்ளங்கள் நீரை ஒதுக்கி, றப்பர் தரையைப் பற்றுவதற்கு வழி செய்கின்றன. ஒரு புறத்துப் பள்ளம் ஆழமாகவும் மறுபுறத்துப் பள்ளம் மேலோட்டமாகவும் இருந்தால், நீர் தேங்கிய வீதியிற் பிரேக்கை அழுத்தும்போது இரு புறமும் ஒரேவிதமாகப் பற்றமாட்டா. கார் ஒரு பக்கமாக இழுபடும். உள்ளே இருப்போர் நம் பிள்ளைகள் என்பதை மறத்தலாகாது.

ஆதலின், முன் சில்லுகள் மட்டுமோ பின் சில்லுகள் மட்டுமோ இழுக்கும் சாதாரண காருக்கு, ஓர் அச்சின் இரண்டு டயர்களையும் ஒருங்கே மாற்றுவதே நல்வழி. கழற்றிய இரண்டில் பழுதுபடாததை மேலதிகச் சில்லுக்கு வைத்துக்கொள்ளலாம்; அதற்குக் கொடுத்த பணம் வீணாகாது. புதிய சோடியைப் பின்னாற் பூட்டுதல் வேண்டும். முன் சில்லு வழுக்கினால் ஓட்டுநர் அதனைக் கைப்பிடியில் உணர்ந்து வேகத்தைக் குறைப்பார். பின் சில்லு வழுக்கினாலோ கார் சுழன்றுவிடும். அதனை மீட்பது கைதேர்ந்தவர்க்கும் அரிது.

நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனங்களின் கதை வேறு. அவற்றிற் பலவற்றில் முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்கும் தொகுதியொன்று உண்டு. சில்லுகளின் வேகம் ஓயாது வேறுபட்டால் அது சூடேறிப் பழுதாகலாம். அதனைத் திருத்தும் செலவு நான்கு டயர்களின் விலையையும் விஞ்சக்கூடும். ஆகவே சில உற்பத்தியாளர்கள், டயர்களின் சுற்றளவு கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக்கூடாதெனக் கண்டிப்பாகக் கூறுகின்றனர். இது பள்ள ஆழத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவே!

அமெரிக்காவில் இதற்கொரு விந்தையான வைத்தியம் செய்கிறார்கள். புதிய டயரை இயந்திரத்திற் பூட்டி, மற்றைய மூன்றின் ஆழத்துக்குச் சமமாக அதன் முகத்தைச் சீவி எடுக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய றப்பரைச் சீவி எறிவதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஒரு டயரில் இழப்பது சில மில்லிமீற்றர். அதனாற் காப்பாற்றப்படுவன பாதி ஆயுள் மீந்திருக்கும் மூன்று டயர்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதுவும் சிக்கனமே.

அவ்வாறு சீவித் தருவோர் அருகில் இல்லாதவிடத்து, அதே அளவும் அதே வகையுமான, ஒத்த தேய்மானமுடைய பாவித்த டயரைத் தேடலாம். அப்போது பக்கச்சுவரிற் பொறித்த இலக்கங்களைப் பார்த்தல் அவசியம். நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்திற் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாக இருப்பினும், வெடிப்புக் கண்ட பழைய றப்பரை நம்பலாகாது.

எல்லாவற்றிலும் மேலானது வருமுன் காத்தல். மேலதிகச் சில்லும் மற்றைய நான்கின் அளவினதேயாயின், ஐந்தையும் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முறைவைத்து மாற்றிப் பூட்டி வரலாம். ஐந்தும் ஒன்றாகவே தேயும். ஒன்று கெட்டால் அதற்கு இணையானது காரிலேயே காத்திருக்கும். தற்காலக் கார்கள் பலவற்றில் வரும் ஒடுங்கிய தற்காலிகச் சில்லுக்கு இம்முறை பொருந்தாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட வாகன இறக்குமதி, உள்ள காரைப் பேணும் அருமையை நம் குடும்பங்களுக்கு நன்கு உணர்த்தியிருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளை அழைத்து, தீக்குச்சியொன்றும் அடிமட்டமொன்றும் கொடுங்கள். ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் குச்சியை நுழைத்து, ஆழத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதட்டும். 1.6 மில்லிமீற்றரை நெருங்கியது எதுவாயினும் அதன் காலம் முடிந்தது. நான்கு எண்களும் கையில் இருந்தால், ஒன்று போதுமா, இரண்டா, நான்கா என்பதைக் கடைவாசலில் நின்று பிறர் வாய் பார்க்கவேண்டியதில்லை.