யாருக்குப் போட்ட ரோடு?

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் மோட்டார் சைக்கிளில் சுற்றப் போகிறவர்கள் முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்ட வேண்டும். வண்டியை நிறுத்திவைத்து அளந்த சத்தம் 95 டெசிபலுக்கு மேல் என்று அதில் இருந்தால், ராய்ட்டே வட்டாரத்தின் சில மலைச்சாலைகளில் கோடை மாதங்களில் அனுமதியில்லை. 2020இல் தொடங்கிய தடை. இதற்காக நண்பர் ஒருவர் இந்த வாரம் போனில் என்னிடம் சண்டைக்கு வந்தார், ஏதோ நான்தான் சட்டம் போட்டதுபோல. நான் ஊர்க்காரர்கள் பக்கம்.

என் கோபத்தைக் கிளறியது அடுத்து அவர் சொன்னது: "போகட்டும், இத்தாலிப் பக்கம் ஸ்டெல்வியோ கணவாய்க்குப் போய்க்கொள்கிறேன். பைக்குக்கென்றே போட்ட ரோடு. வழியில் கூர்புர்க் கோட்டையைப் பார்த்துவிட்டால் சரித்திரமும் முடிந்தது."

பைக்குக்கென்றே போட்ட ரோடா! 1820இல் வேலை தொடங்கி 1825இல் முடித்தபோது இருந்தது குதிரைதான். 1815 வியன்னா மாநாட்டில் லொம்பார்டி ஆஸ்திரியாவின் கைக்கு வந்தது. அங்கே மிலானில் கலகம் என்றால் டிரோலிலிருந்து படை போய்ச் சேர வேண்டுமே! கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் 2,757 மீட்டர் உயரக் கணவாய் வழியே பாதை போட்டார். பாரம் இழுக்கும் குதிரை செங்குத்தில் ஏறாது. ஏற்றத்தைத் தணிக்க ரோட்டை மடித்து மடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். பிராத்தோ ஊர்ப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். இன்று பைக்குக்காரர்கள் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து அனுபவிப்பது அந்தக் குதிரைகளின் மூச்சிரைப்பைத்தான்.

ரோட்டுக்கு 34 வயதானபோது, 1859இல், லொம்பார்டி ஆஸ்திரியாவின் கைவிட்டுப் போயிற்று. கணவாய் எல்லையானது. முதல் உலகப் போரில் ஆஸ்திரிய, இத்தாலியப் படைகள் அங்கே பனியில் எதிரெதிரே கிடந்தன. பக்கத்திலுள்ள ஓர்ட்லர் சிகரத்தின் 3,905 மீட்டர் உச்சிக்கே ஆஸ்திரியர்கள் பீரங்கி ஏற்றினார்கள். 1919 உடன்படிக்கையில் தெற்கு டிரோலும் இத்தாலிக்குப் போக, ரோட்டின் இரு முனைகளும் ஒரே நாட்டுக்குள் வந்துவிட்டன.

கோட்டைக்கு டிக்கெட் உண்டு, அதனால் அது சரித்திரம். டயருக்கு அடியில் கிடப்பது வெறும் ரோடு! பேரரசு படைக்குப் போட்ட ரோட்டில் விடுமுறைக்காரர்கள் போவதில் எனக்குச் சந்தோஷமே. வளைவுகளை எண்ணி எண்ணிப் படம் போடுகிறவர்கள், அவை ஏன் அத்தனை என்றும் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம்.