நாக்குச் சுருட்டலும் ஓமிம் பதிவும்

நாக்கைக் குழல்போல் சுருட்ட முடிகிறதா, காதுமடல் ஒட்டியிருக்கிறதா என்று மாணவர்களைப் பார்க்கச் சொல்லி, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என அட்டவணை நிரப்பும் வழக்கம் மனித மரபியல் செய்முறை வகுப்புகளில் இன்னும் ஒழியவில்லை. நாக்குச் சுருட்டலை ஒற்றை மரபணுவோடு 1940இல் இணைத்தவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட். குரோமோசோமில் மரபணுக்களின் வரிசையை முதன்முதலில் வரைபடமாக்கியவரும் அவரே. 1952இல் மேட்லாக் என்ற ஆய்வாளர் 33 இணை ஒருகரு இரட்டையரைச் சோதித்தார். 7 இணைகளில் ஒருவருக்கு நாக்கு சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஒரே மரபணுத் தொகுதி கொண்டவர்களிடம் இத்தனை வேறுபாடு இருக்கும்போது ஒற்றை மரபணு விளக்கம் நிற்காது. ஸ்டர்ட்டிவன்டும் இதை ஏற்றார். மெண்டலியப் பட்டியல்களில் அந்தப் பண்பு நீடிப்பது தமக்குச் சங்கடமளிப்பதாக 1965இல் வெளியான தம் மரபியல் வரலாற்று நூலில் எழுதினார். நாம்தான் விடவில்லை. பெற்றோர் இருவருக்கும் சுருளாத நாக்கு தனக்கு மட்டும் சுருள்வதைக் காணும் மாணவி, சுருளும் நாக்கை ஓங்கு பண்பு என்று காட்டும் அந்த அட்டவணையை நம்பினால், தன் பிறப்பையே சந்தேகிக்க நேரும். ஆதாரமற்ற ஒரு பயிற்சிக்காக எந்தப் பிள்ளையையும் அந்த நிலையில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை.

பட்டியலை மாற்றினால் மட்டும் போதாது, கற்பிக்கும் முறையும் மாறவேண்டும் என்பதே என் வாதம். அதற்கு உகந்த கருவி, மனித மரபணுக்களையும் மரபுவழிப் பண்புகளையும் பதிவு செய்யும் ஓமிம் (OMIM) தரவுத்தளம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் விக்டர் மெக்கியூசிக் 1966இல் அச்சு நூலாகத் தொடங்கிய இத்தொகுப்பு 1987 முதல் இணையவழியில் கிடைக்கிறது. படிக்கக் கட்டணம் இல்லை. பதிவு எண்ணுக்கு முன் வரும் குறிகளிலேயே ஒரு பாடம் இருக்கிறது. # இருந்தால் அப்பண்பின் மூலக்கூறு அடிப்படை தெரியும். % இருந்தால் மெண்டலிய மரபுவழி உறுதி, மூலக்கூறு அடிப்படை தெரியாது. குறியே இல்லையென்றால் மெண்டலிய அடிப்படை ஊகிக்கப்படுகிறது, தெளிவாக நிறுவப்படவில்லை. அறிவியலில் உறுதிக்குப் படிகள் உண்டு என்பதைப் பாடநூலின் எந்த அட்டவணையும் இவ்வளவு சுருக்கமாகக் காட்டுவதில்லை. நாக்குச் சுருட்டலுக்கு அருகில் காதுக்குறும்பியை வைத்துப் படிக்கச் சொல்லலாம். அது ஈரமாக இருப்பதையும் உலர்ந்திருப்பதையும் ஏபிசிசி11 மரபணுவின் ஒற்றை எழுத்து மாற்றம் தீர்மானிப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர். ஒன்று ஏன் நின்றது, மற்றொன்று ஏன் விழுந்தது என்று மாணவர்களே எழுதட்டும்.

ஆங்கிலம் கடினம், பதிவுகள் நீளம், தேர்வுக்கு உதவாது என்பார்கள். முழுப் பதிவையும் யாரும் படிக்கத் தேவையில்லை. யார், எப்போது, எத்தனை பேரிடம் கண்டார், பின்னர் யார் மறுத்தார் என்ற கேள்விகளைத் தமிழில் கொடுத்து, ஆசிரியர் முன்பே தேர்ந்த இரண்டு பத்திகளைப் படிக்கச் செய்தால் ஒரு செய்முறை வகுப்பு போதும். ஆசிரியர் முன்னேற்பாடு மட்டும் தவிர்க்க முடியாதது. கதிர் அரிவாள் செல் நோயில் பீட்டா குளோபினின் 6ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருவதாகப் பாடநூல் சொல்லும். சில தரவுத்தளங்களில் 7 என்று இருக்கும். தொடக்க மெத்தியோனினைச் சேர்த்து எண்ணுவதால் வரும் வேறுபாடு இது. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மாணவர் இரண்டையும் நம்பமாட்டார்.

தரவுத்தளங்களே ஐரோப்பிய வம்சாவளியினரின் தகவல்களால் நிறைந்தவை, பிழையும் உடையவை என்ற ஆட்சேபம் இவற்றைவிட வலுவானது, உண்மையும்கூட. ஆனால் அதை வகுப்பறைக்கு வெளியே வைக்க வேண்டியதில்லை. எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 கார இணைகளை இழந்த வடிவம் தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருப்பதையும், அதற்கு இதயத்தசை நோயோடு தொடர்பு இருப்பதையும் 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. பின்னர் 2018இல் வந்த ஆய்வு, கூடவே இன்னொரு மாற்றமும் உடைய சிறு பிரிவினரிடமே ஆபத்து மிகுதி என்று சுட்டியது. மரபணு மாற்றங்களின் பரவலைத் தொகுக்கும் நோமாட் (gnomAD) தளத்தில் மக்கள்தொகைவாரி விகிதத்தையும், அவற்றின் நோய்த்தொடர்பைத் தொகுக்கும் கிளின்வாரில் (ClinVar) ஆய்வகங்கள் வெவ்வேறு தேதிகளில் தந்த மதிப்பீடுகளையும் அருகருகே வைத்தால், ஒரு முடிவு எப்படித் திருத்தப்படுகிறது என்பதை மாணவர் நேரில் காண்பார்.

இப்பயிற்சியில் மாணவர் தம் உடலையோ குடும்பத்தையோ காட்டவேண்டியதில்லை. வெளியான தரவுகளே போதும். வரும் கல்வியாண்டின் செய்முறைக் கையேட்டைத் திருத்துவோர் வீட்டு வம்சாவளி வரைபடப் பயிற்சியை நீக்கி, அந்த நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டுகிறேன்.