ஜெயிச்ச மறுநாள் பொறக்கிற கட்டுரைகள்

தேர்தல் முடிவு வந்தா ரெண்டு விஷயம் நிச்சயம். ஒண்ணு பட்டாசு. இன்னொண்ணு, விக்கிப்பீடியாவுல புது எம்.எல்.ஏ.க்கள் பேர்ல முளைக்கிற கட்டுரைகள்.

இதுக்குக் காரணம் இருக்குங்க. அங்கே நினைச்சவங்க பேர்லயெல்லாம் கட்டுரை போட முடியாது. 'குறிப்பிடத்தக்கமை'ன்னு ஒரு விதி வெச்சிருக்காங்க. மாநில சட்டமன்ற உறுப்பினர்னா உள்ளே வரலாம். தேர்தல்ல நின்னாருங்கிறதுக்காக மட்டும் வர முடியாது. ஆக முந்தின நாள் வரைக்கும் வெறும் வேட்பாளர், மறுநாள் கலைக்களஞ்சியத்துல இடம்!

சரி, அந்தக் கட்டுரையில என்னதான் இருக்கும்? இன்னார் ஓர் இந்திய அரசியல்வாதி ஆவார். இன்ன கட்சியைச் சேர்ந்தவர். இன்ன தொகுதியிலிருந்து தமிழ்நாடு சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வளவுதான். ஓரமா ஒரு பெட்டி, அதுக்குள்ள இதே விவரம் மறுபடியும். தப்பு எதுவும் இல்ல. ஆனா படிச்சு முடிச்சப்புறம் அந்த மனுஷரைப் பத்தி நமக்கு என்ன தெரிஞ்சுது? வால்போஸ்டர்ல பார்த்ததுக்கு மேல ஒண்ணுமில்ல.

ஒரு உதாரணம் பாருங்க. 2021 தேர்தல்ல தியாகராய நகர்ல தி.மு.க.வோட ஜெ. கருணாநிதி ஜெயிச்சது வெறும் 137 ஓட்டு வித்தியாசத்துல. தோத்தவர் அப்போ அங்க எம்.எல்.ஏ.வா இருந்த அ.தி.மு.க. சத்யா. அதே தேர்தல்ல ஆத்தூர்ல (திண்டுக்கல் மாவட்டம்) ஐ. பெரியசாமி ஜெயிச்சது 1,35,571 ஓட்டு வித்தியாசத்துல. 'தேர்ந்தெடுக்கப்பட்டார்'ங்கிற ஒரே சொல்லுல ரெண்டையும் அடக்கிட்டா நடந்த கதை பாதி காணாமப் போயிடுது. தொகுதி ரெண்டா பிளந்து நின்னுதா, ஒரே பக்கமா சாஞ்சுதான்னு சொல்றது அந்த எண்ணிக்கைதானே.

ரெண்டே வரி இருந்தா அடுத்தாப்புல யாராவது வந்து நிரப்பத்தான் செய்வாங்க. முதல்ல வர்றவங்க பெரும்பாலும் தொண்டர்கள். 'மாண்புமிகு', 'அண்ணன்', 'ஏழைகளின் காவலர்'னு அடைமொழி ஏறும். எனக்கு ஒண்ணு தோணும். தமிழ்ல 'வென்றார்'னு எழுதும்போதே மரியாதை வந்துடுதே, அந்த 'ஆர்' விகுதி போதாதா? கலைக்களஞ்சியத்துல எதுக்குங்க சால்வை?

அடுத்து எதிர்க்கட்சிக்காரங்க. அவங்க ஊழல், ரவுடின்னு ஆதாரமில்லாம ரெண்டு வரி சேர்ப்பாங்க. இது விளையாட்டில்ல. 2005 மே மாசம் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகெந்தாலர் பத்தின விக்கிப்பீடியா கட்டுரையில, கென்னடி சகோதரர்கள் கொலையில அவர் மேல சந்தேகம் இருந்துச்சுன்னு யாரோ எழுதிட்டுப் போயிட்டாங்க. சுத்தப் பொய். அந்த மனுஷர் ராபர்ட் கென்னடிகிட்ட உதவியாளரா வேலை பார்த்தவர்! அந்தப் பொய் கிட்டத்தட்ட நாலு மாசம் அப்படியே கிடந்துச்சு. பெரிய சர்ச்சையாகி, டிசம்பர் மாசம் ஆங்கில விக்கிப்பீடியாவுல பேர் பதியாதவங்க புதுக் கட்டுரை தொடங்க முடியாதுன்னு ஆக்கினாங்க. உலகம் பூரா தெரிஞ்ச பத்திரிகையாளருக்கே நாலு மாசம்னா, நம்மூர் புது எம்.எல்.ஏ. கட்டுரையை எத்தனை பேர் கவனிச்சுப் பார்க்கப் போறாங்க?

அப்போ புகழும் வேண்டாம், வசையும் வேண்டாம்னா எதைத்தான் எழுதுறது? இதுக்கு நம்ம நாட்டுல ஒரு நல்ல பதில் ஏற்கெனவே இருக்கு. வேட்பாளர் தாக்கல் பண்ற பிரமாணப் பத்திரம். 2002-ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பால வந்தது இது. படிப்பு, சொத்து, கடன், வழக்கு எல்லாத்தையும் வேட்பாளரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். தேர்தல் ஆணையத்தோட தளத்துலயே வெளியிடுறாங்க. தொண்டர் எழுதினதும் இல்ல, எதிரி எழுதினதும் இல்ல. அவரே தன்னைப் பத்தி சொன்னது.

'வழக்கு விவரத்தைப் போட்டா அவதூறு ஆயிடாதா'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வாழ்றவங்களைப் பத்தி எழுதும்போது கோர்ட் ஆவணங்களை நேரா எடுத்துப் போடாதே, நம்பகமான பத்திரிகையில வந்ததைக் காட்டுன்னு விக்கிப்பீடியாவுலயே விதி இருக்கு. அதுவும் சரிதான். அதனால 'இவர் மேல் 5 வழக்குகள்'னு மொட்டையா எழுதுறதை நான் ஒத்துக்க மாட்டேன். அனுமதியில்லாம ஊர்வலம் போன வழக்கும் மோசடி வழக்கும் எண்ணிக்கையில ஒண்ணுதான், தராசுல ஒண்ணு இல்ல. என்ன வழக்கு, எந்தக் கட்டத்துல இருக்கு, தீர்ப்பு வந்துச்சான்னு சேர்த்து எழுதணும். விடுதலை ஆனா அன்னிக்கே அதையும் எழுதணும். அதைச் செய்ய முடியலேன்னா முதல் வரியையும் எழுதாதீங்க.

ஆனா என்னோட பெரிய வருத்தம் வேற. இந்தக் கட்டுரைகள்ல பல, ஜெயிச்ச நாளோட நின்னுடுது. சட்டமன்றத்துல என்ன பேசினார், எந்தக் குழுவுல இருந்தார், தொகுதிக்குக் கேட்டது என்ன, வந்தது என்ன? ஒரு வரி ஏறாது. அஞ்சு வருஷம் கழிச்சு அடுத்த தேர்தல் வரும்போதுதான் யாராவது வந்து 'தோல்வியடைந்தார்'னோ 'மீண்டும் வென்றார்'னோ சேர்த்துட்டுப் போவாங்க. நடுவுல இருந்த அஞ்சு வருஷம் எங்க போச்சு? வேலையில சேர்ந்த தேதியை மட்டும் எழுதி வெச்சுட்டு, என்ன வேலை பார்த்தார்னு எழுதாத ரிஜிஸ்டர் மாதிரி.

அமைச்சர்களைப் பத்தி எழுத பத்திரிகைகள் இருக்கு. முதல்முறை ஜெயிச்ச ஒரு கிராமத்துத் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பத்தி கூகுள்ல தேடினா, முதல்ல வந்து நிக்கிறது பெரும்பாலும் இந்த ரெண்டு வரிக் கட்டுரைதான். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு அவர் வாசல்ல வந்து நிக்கும்போது, போன முறை அவரே என்ன எழுதிக் கொடுத்தார்னு பார்க்க நமக்கு ஒரு இடம் வேணாமா?

உங்க தொகுதி எம்.எல்.ஏ. கட்டுரையை ஒரு தடவை திறந்து பாருங்க. சால்வை இருந்தா எடுங்க, சேறு இருந்தா துடைங்க. ஓட்டு வித்தியாசம் இல்லேன்னா ஆதாரத்தோட சேருங்க. பத்து நிமிஷ வேலை. விக்கிப்பீடியாவுல 'தொகு'ங்கிற பொத்தான் தொண்டர்களுக்கு மட்டும் வெச்சது இல்லீங்க :-)