ஆளுக்கு அஞ்சுவதா, ஆண்டவனை நம்புவதா?

வெளிமாநிலத்துக்குப் பிழைக்க வந்தவர்களோடு பயமும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. மேஸ்திரி முகம் சுளித்தால் பயம். வீட்டுக்காரர் குரல் உயர்த்தினால் பயம். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடும்படி மேலதிகாரி சொன்னால், மறுக்கப் பயம். வெள்ளிக்கிழமை கோயிலில் தேங்காய் உடைத்தவர், சனிக்கிழமை காலை அதே பயத்தோடுதான் வேலைக்குப் போகிறார். அப்படியானால் அந்த வழிபாட்டால் கண்ட பலன் என்ன?

இதற்குத் திருநாவுக்கரசர் வரலாற்றில் விடை இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் அவரை அழைத்துவர ஆள் அனுப்பினான். மன்னன் ஆணைக்குத் தாம் கட்டுப்பட்டவர் அல்லர் என்று மறுத்துவிட்டார் அவர். சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தார்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். அவர் கலங்கவில்லை, கல்லே தெப்பமாகிக் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தார் என்கிறது பெரியபுராணம்.

கல் மிதக்குமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். துன்பமே வராது என்று அவர் நம்பவில்லை. வந்தாலும் ஆண்டவன் கைவிடமாட்டான் என்றே நம்பினார். அவர் கையில் இருந்ததோ வாள் அல்ல, புல் செதுக்கும் உழவாரப்படை. மன்னனை அவர் பகைக்கவும் இல்லை. பின்னர் அந்த மன்னனே மனம் மாறித் திருவதிகையில் சிவனுக்குக் கோயில் எடுத்தான்.

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையால் பெங்களூரில் கலவரம் மூண்டபோது, ஆயிரக்கணக்கான தமிழர்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகுட்டிகளைக் காப்பது கடமை. ஆனால் ஊர் அடங்கியதும் பலர் திரும்பி வந்தார்கள். அதே தெருவில் கன்னடம் பேசும் அண்டை வீட்டாரோடு மறுபடியும் கூடி வாழ்ந்தார்கள். அதற்கு வேண்டிய நெஞ்சுரம் சாதாரணமானதல்ல.

ஆண்டவனை நம்புவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அல்ல. வெற்றுச் சீட்டில் கையெழுத்துக் கேட்டால், தொகையை எழுதுங்கள் என்று பணிவோடு சொல்ல வேண்டும். கூலி பாக்கி நின்றால், நாலு பேரோடு சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பொய்க் கணக்கு என்றால் முடியாது என்று சொல்ல வேண்டும்.

இதனால் நஷ்டம் வராது என்று உறுதி சொல்வதற்கில்லை. வேலையே கூடப் போகலாம். ஆனால் மேஸ்திரியும் மேலதிகாரியும் இன்று இருப்பார்கள், நாளை மாறிப் போவார்கள். மாறாத ஒருவனை நம்பியவர் அவர்கள் முன் கூனிக் குறுக வேண்டியதில்லை.