பட்டாவில் இருப்பவர் பாட்டனா?

மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பழைய பட்டாவில் குடும்பத்தில் வழங்கும் பெயர் கிடைத்தால் அவரே நம் மூதாதை, நிலம் இன்றும் நம்மிடம் இருப்பதே சாட்சி என்கிறார்கள். தவறு. முதலாவது, பட்டா வம்சாவளி அல்ல. 1792இல் இந்தப் பக்கம் அடங்கிய பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் அதன் அதிகாரிகள் ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்தது வரி வாங்க. யார் யாருக்குப் பிள்ளை என்று எழுதவா? இரண்டாவது, பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் ஊரில் ஒரு தலைமுறை விட்டு அதே பெயர் திரும்ப வரும். அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் ஒரே பெயரில் பேரன்கள் இருப்பார்கள். பட்டாவில் முனியப்பன் என்றிருந்தால், இதில் உங்கள் முனியப்பன் எவர்? மூன்றாவது, செத்தவர் பெயரிலேயே பட்டா பல பத்தாண்டு கிடப்பது புதிதா? நிலமில்லாதவரோ அதில் வரவே மாட்டார்.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேடு போதுமே என்பார்கள். தாய் தகப்பன் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருப்பதால் அது பட்டாவைவிட மேல்தான். ஆனால் ஒரு பங்கில் எத்தனை அந்தோணி, எத்தனை சவரிமுத்து? அந்தத் தகப்பன் பெயரைப் பாகப்பிரிவினைப் பத்திரத்தோடும் அதன் நான்கெல்லையோடும் ஒட்டிப் பாருங்கள். அண்ணன் தம்பிகளும் இரண்டிலும் அதே ஆட்களாக வந்தால், பிறகு பேசலாம்.